கிடைக்கப்பெற்றோம், நன்றி

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, உப்பளம் தாண்டி, சங்குமேடு என்று ஒரு மீனவ ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் யாரிடமும் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். கல்யாணத்துக்கு அழைக்க வந்தால் நாளைச் சொல்வார்கள், இடத்தைச் சொல்வார்கள், பந்தியில் என்ன மீன் என்பதைக்கூடச் சொல்வார்கள், மாப்பிள்ளை பேரைச் சொல்லாமல் எழுந்து போய்விடுவார்கள். டாக்டரிடம் போனால் தலைவலி, காய்ச்சல், வாந்தி எல்லாம் சொல்லிவிட்டு, என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டால் மட்டும் கூரையைப் பார்ப்பார்கள். புதிதாக வந்த டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள், பழையவர்கள் சிரித்துக்கொண்டே மாத்திரை எழுதுவார்கள். ஊரில் இதற்கு அடிச்சோறு வைக்கிறது என்று பேர். பானையை ஒட்ட வழித்துக் கழுவக் கூடாது, அடியில் ஒரு கைச்சோறு கிடக்கணும் என்று பெண்கள் சொல்வார்களே, அதே முறைதான் பேச்சுக்கும். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் என் பேரைத்தான் சொல்வார்கள், அதையும் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதியை நான் சொல்லணும். என்னிடம் இருக்கிற மட்டும் முழுசாகவே சொல்லிவிடுகிறேன், நான் மிச்சம் வைத்து இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது.

என் பேர் செபஸ்தியம்மாள். பதினோரு வருஷமாகக் குளிர்நாட்டில், ஒரு ஏரிக்கரை ஊரில், ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். கடல் ஊருக்குள் ஏறி வருவதற்கு முன்னால் நாகப்பட்டினத்தில் ஒரு டுட்டோரியலில் ஃபெயிலான பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கடல் வந்து போன பன்னிரண்டாம் நாள், கதவில் நீல வளையம் வரைந்த வெள்ளை ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றபோது, இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேணும் என்றார்கள், நான் போனேன். நாற்பத்து மூன்று நாடுகளில் ஆபீஸ் வைத்திருக்கிற நிறுவனம் அது. அதன் முழுப் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம் என்பதால் சங்குமேட்டுக்காரர்கள் எங்களை வளையக்காரங்க என்றார்கள். வளையம் போட்ட அடையாள அட்டையை முதல்நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது எனக்கு இருந்த மிடுக்கு இருக்கிறதே, அட, மாதா தேர்கூட அவ்வளவு நிமிர்ந்து போகாது.

அந்த வேலை எப்படி இருந்தது என்று இப்போதும் கேட்கிறார்கள். வியாழக்கிழமை மத்தியானம் தலைமையகத்தோடு போனில் கூட்டம் நடக்கும், அவர்களுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும், காப்பி உறிஞ்சுகிற சத்தம் முதலில் வரும், பிறகு கேட்கிறதா கேட்கிறதா என்று இரண்டு பக்கமும் கால்மணி நேரம் கேட்டுக்கொள்வோம், கேட்கிறது என்று முடிவானதும் கூட்டம் முடிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு மேலதிகாரி வருவார், வந்த அன்றைக்கு எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, உங்களைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று ஒன்றரை மணி நேரம் பேசுவார், எங்கள் பேர்கள் வாயில் நிற்கத் தொடங்குகிற சமயம் பார்த்து வேறு நாட்டுக்குப் போய்விடுவார். பசி என்று எழுதக் கூடாது, உணவுப் பாதுகாப்பின்மை என்று எழுதணும். அழுகை என்று எழுதக் கூடாது, உளப் பாதிப்பு என்று எழுதணும். ஆனால் எல்லோரும் நல்லவர்கள், அதைச் சொல்லியாகணும். வெயிலில் தோல் உரிய உரிய எங்களோடு குடிசை குடிசையாக நடந்தார்கள், குழந்தைகளைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள், ஊருக்குப் போகும்போது உண்மையாகவே அழுதார்கள். கெட்டவர் ஒருத்தர் இருந்திருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எனக்குக் கொடுத்த வேலை ஏழாம் படிவம். ஆளை இழந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து, நடந்ததைக் கேட்டு, நோட்டில் தமிழில் வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளணும். சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து அதை மூன்று வரி இங்கிலீஷாக ஆக்கி, பேரை எடுத்துவிட்டு எண்ணைப் போட்டு, தலைமையகத்துக்கு அனுப்பணும். அங்கேயிருந்து 'கிடைக்கப்பெற்றோம், நன்றி' என்று ஒரு வரி பதில் வரும். வந்ததும் நோட்டுப் பக்கங்களைக் கிழிக்கிற மெஷினில் கொடுத்துவிட்டு, அழித்தாயிற்று என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். சொன்னவர்களின் பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று நான் கேட்டதில்லை, புது வேலையில் அதையெல்லாம் யார் கேட்பார்கள்.

நூற்றுப் பதினாலாவது ஆளாக வந்தவள்தான் தையல்நாயகி. இருபத்தொன்பது வயது, மீன்கூடை சுமந்து கழுத்து நரம்பு புடைத்தவள். புருஷன் காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது, ஏழு வயசு மகள் பவுனைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டுக்குள் அம்மாவும் மகளும் மட்டும்தான். எழுந்ததிலிருந்து தொடங்கி, வாசலுக்கு ஓடும் முன்னால் நிலைப்படியில் நின்று பவுனு என்ன சொன்னாள், இவள் உள்ளேயிருந்து என்ன பதில் கொடுத்தாள் என்பது வரை தையல்நாயகி ஒன்றுவிடாமல் சொன்னாள், மகள் குரலிலேயே சொன்னாள். அதைக் கேட்டு நான் சிரித்தேன், சிரித்த வாயோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை நான் போனபோது அவள் குழாயடியில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள், முகமும் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. தூங்கினியா தையலு என்று கேட்டேன்.

"நல்லாத் தூங்குனேன் டீச்சர்" என்றாள். "எனக்கு ஒரு மவ இருந்தாளாமே? பக்கத்து வூட்டுல சொல்லி அழுவுறாங்க. பாவமா இருக்கு."

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடல் எழுந்து நின்று தென்னை உசரத்துக்கு நடந்து வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஒரு துக்கம் காகிதத்தில் ஏறிப் போய்விட்டது என்றால் அதற்குப் போய் ஆச்சரியப்பட அவர்களிடம் ஆச்சரியம் மிச்சமில்லை. தலைமையகத்தின் பதில் வருகிற நேரத்தில்தான் சொன்னது மனசை விட்டுப் போகிறது என்பதை மூன்று நாளில் கண்டுபிடித்தார்கள், ஆபீஸ் வாசலில் கம்ப்யூட்டர் மணி அடிக்கிறதா என்று காது வைத்துக் காத்திருந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் வீரபத்திர நாட்டார் வந்து, கூட்டம் நெரிக்குது, செவ்வாயும் வெள்ளியும் பொம்பளைங்க, மத்த நாளு ஆம்பளைங்க என்று முறை வைத்தார். அவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் போனார். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் எறக்கி வச்சிட்டா தூக்கிட்டு நிக்க ஒரு ஆளு வேணாமா தாயி?" என்றார்.

பிறகு நடந்ததையெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். இறந்தவர்களைச் சொல்லித் தீர்த்தவர்கள் மற்றதையும் சொல்ல வந்தார்கள். பன்னிரண்டு வருஷமாகப் பேசாத ஓரகத்திகள் இரண்டு பேர் தனித்தனியாக வந்து ஒருத்தியைப் பற்றி ஒருத்தி மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுப் போய், மறுவாரம் தோளில் கைபோட்டுக்கொண்டு கொலுசு வாங்கப் போனார்கள். ஒரு மருமகள் மாமியார் கொடுமையைச் சொன்ன வேகத்தில் மாமியாரையே மறந்துபோய், வாசலில் நின்றவளை, "யாரும்மா நீங்க, வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வந்து உக்காருங்க" என்று நாற்காலி போட, இந்த மரியாதையில் மயங்கிப்போன மாமியார், அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லிவிடக் கூடாது என்று ஊரெல்லாம் கெஞ்சிக்கொண்டு திரிந்தாள். குடிகாரன் ஒருத்தன் குடியைச் சொல்லிவிட்டுப் போனான், கடைக்கு வழி தெரியாமல் மூன்று நாள் அலைந்து, நாலாம் நாள் விசாரித்துத் தெரிந்துகொண்டான். இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் செல்லக்கண்ணு வந்தான். தண்ணீர் நிறத்தைப் பார்த்தே கீழே என்ன மீன் நிற்கிறது என்று சொல்கிறவன். எங்கள் வாழ்வாதாரக் கணக்கெடுப்பில் அது எப்படி என்று கேட்டோம், பெருமையாகச் சொன்னான், பதில் வந்தது. மறுநாள் அவன் படகு கரைக்கு எதிரிலேயே பொழுது சாய்கிற வரை சுற்றிச் சுற்றி வந்தது. கரையில் நின்ற அவன் பெண்டாட்டி எங்கள் ஜீப்பைப் பார்த்து மண்ணை வாரி இறைத்தாள்.

அன்றைக்குத்தான் நாட்டார் தமுக்கு அடிக்கச் சொன்னார். தொழிலைப் பற்றி வளையக்காரங்ககிட்ட வாயைத் திறக்கிறவன் ஊருக்கு ஆகாதவன். வேறு எதைச் சொன்னாலும் அடியில் ஒன்றை நிறுத்திவைத்துக்கொண்டுதான் சொல்லணும். ஒரு நாள், ஒரு நிறம், ஒரு பேர், ஏதோ ஒன்று. ஒன்று நின்றால் அதைப் பிடித்துக்கொண்டு மற்றது கொஞ்சமாவது திரும்பி வருகிறது என்று பெண்கள் சோதித்துப் பார்த்திருந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் அடிச்சோறு. ஆனால் தையல்நாயகி அதற்கெல்லாம் முன்னால் வந்தவள். பானையை ஒட்ட வழித்துக் கொடுத்துவிட்டுப் போனவள்.

தலைமையகத்தில் ஒரே சந்தோஷம். நாற்பத்து மூன்று நாட்டிலும் உளப் பாதிப்பு மேலே போகிறது, சங்குமேட்டில் மட்டும் கோடு சரசரவென்று கீழே இறங்குகிறது. இது என்ன முறை என்று பார்க்க மூன்று நாட்டிலிருந்து ஆட்கள் வந்து இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள், எங்கள் ஊர்ப் பேரில் ஒரு மாதிரித் திட்டம் எழுதினார்கள், ஆண்டறிக்கையின் அட்டையில் தையல்நாயகி சிரித்த படத்தைப் போட்டார்கள். சொன்னவர்களுக்கு அது மறந்துபோகிறது என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் காப்பி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, அதை அளப்பதற்கு நம்மிடம் கட்டம் இல்லையே சேப் என்றார்கள். செபஸ்தியம்மாளை அவர்கள் சேப் ஆக்கி வெகுநாள் ஆகியிருந்தது.

மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை தையல்நாயகி நாகப்பட்டினம் ஆபீஸுக்கே வந்துவிட்டாள், கையில் மஞ்சள் பையில் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு.

"தெனமும் சோறு போடுறப்ப ரெண்டு தட்டு எடுத்துர்றேன் டீச்சர்" என்றாள். "எனக்கொண்ணு, இதொண்ணு. கை தானா எடுக்குது. எடுத்து வச்சிட்டு யாருக்குன்னு தெரியாம உக்காந்திருக்கேன். ஊரு பூரா சொல்லிப் பாத்துட்டாங்க, பேரு பவுனு, முன்பல்லு ரெண்டு விழுந்திருந்திச்சு, நல்ல கருப்புன்னு. அடுத்த வூட்டுப் புள்ளையப் பத்திக் கேக்குற மாரி இருக்கு. அன்னிக்குக் காலைல வூட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேருந்தானே? அத அவங்க யாரும் சொல்ல முடியல. அத மட்டும் கேட்டா புள்ள ஒட்டிக்கும்னு தோணுது. உங்ககிட்டதானே குடுத்து வச்சேன்? சொல்லுங்க."

அப்போது என்னிடம் இருந்தது. ஒரு எழுத்துக் குறையாமல், பவுனு குரலோடு, என் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாக்குமூலத்தை வெளியே சொல்லக் கூடாது, ரகசியம் காக்கணும் என்று விதி இருக்கிறது தையலு என்றேன்.

"யாருக்கு ரகசியம்? என்னுதுதானே அது?"

நியாயமான கேள்விதான். அப்போதைய மேலதிகாரியிடம் கேட்டேன், அவர் ரொம்ப அனுதாபப்பட்டு, சொன்னவரே திரும்பக் கேட்டால் பன்னிரண்டாம் படிவம் என்று ஒன்று இருக்கிறது, அதை அனுப்பி அனுமதி வாங்கிவிட்டால் தாராளமாகச் சொல்லலாம், அனுமதி இல்லாமல் சொல்லிப் பழைய காயம் கிளம்பினால் யார் பொறுப்பு என்றார். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுத என்று தையல்நாயகியைக் கேட்டேன். "எம் மவளுன்னு எழுதுங்க" என்றாள், எழுதினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே; நான் பூசாரியாகி நாலு வருஷம் ஆகப்போகிறது என்பது எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை.

"கொஞ்ச நாள் பொறுத்துக்க தையலு. எங்கிட்ட பத்திரமாத்தான் இருக்கு. கெணத்துத் தண்ணிய வெள்ளமா கொண்டு போவப் போவுது?" என்றேன்.

"எங்க ஊர்ல கொண்டுதான் போச்சு டீச்சர்" என்றாள், கோபமில்லாமல்.

ஏழு மாதம். ரேஷன் கார்டு நகல் கேட்டார்கள், அனுப்பினேன். மனநல நிபுணர் கருத்து கேட்டார்கள், அதற்கு ஒருத்தர் மெட்ராஸிலிருந்து வந்து அவளிடம் நாற்பது கேள்வி கேட்டுவிட்டுப் போனார். குழு கூடவில்லை என்றார்கள், கூடியது என்றார்கள், கூடியபோது முக்கியமான ஒருத்தர் விடுமுறையில் இருந்தார் என்றார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீன் விற்றுவிட்டு அவள் வருவாள், தண்ணீர்க் கேன் பக்கத்து பெஞ்சில் நுனியில் உட்காருவாள், வந்துடிச்சா டீச்சர் என்பாள், வரும் தையலு என்பேன், ஒரு டீ குடித்துவிட்டு மஞ்சள் பையோடு போவாள். நாற்காலியிலிருந்து எழுந்து நாலு எட்டு நடந்து அவள் காதில் சொல்லியிருக்கலாம், இருபத்தெட்டு வெள்ளிக்கிழமை வாய்ப்பு இருந்தது. பயம்தான். சொன்னால் வேலை போகும் என்றுகூட இல்லை, நல்ல பேர் போய்விடுமோ என்று.

அந்தச் சமயத்தில்தான் தலைமையகத்தில் ஒரு வேலை காலியானது, ஏரிக்கரை ஊரில், சங்குமேட்டு மாதிரியை உலகம் பூராவும் கொண்டுபோகிற வேலை. நேர்காணலுக்கு எப்படிப் பதில் சொல்லணும் என்று எங்கள் நிறுவனத்திலேயே பயிற்சி கொடுப்பார்கள்: பொதுவாகப் பேசாதே, நடந்த ஒன்றைச் சொல், குறிப்பாகச் சொல், குறிப்பாகச் சொல்லச் சொல்ல மார்க். கம்ப்யூட்டர் திரையில் மூன்று முகம் தெரிந்தது. மூன்றாவது கேள்வி, உன் வேலையில் உன்னை அசைத்துவிட்ட ஒரு தருணத்தைச் சொல். ஒரு தாய், ஒரு குழந்தை, அதோடு நிறுத்திக்கொள்ளணும் என்றுதான் நினைத்திருந்தேன். சொன்ன வாக்குமூலம் சொன்னவர்களை விட்டுப் போகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதெல்லாம் சங்குமேட்டுக்காரர்களுக்கு, எழுதுகிறவர்களுக்கு ஒட்டாது என்று ஒரு நினைப்பு. கழுத்தில் வளையம் போட்ட அட்டை தொங்கினால் நாம் வேறு பிறவி என்று ஒரு நினைப்பு. நடுவில் இருந்த நரைத்த தலை அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்து, மெதுவாகக் கேட்டாள்:

"அந்தக் குழந்தை என்னதான் சொன்னாள்?"

நாற்பத்து மூன்று நாட்டில், நாலு வருஷத்தில், என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள். நெஞ்சு உருகிப்போய்விட்டது எனக்கு. சொன்னேன். நிலைப்படியில் நின்று பவுனு சொன்னதை, உள்ளேயிருந்து அம்மா கொடுத்த பதிலை, இழுத்த இழுப்பு, நிறுத்திய நிறுத்தம் எல்லாவற்றோடும், என் நல்ல இங்கிலீஷில் முழுசாகச் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்தாள், சிரித்த வாயோடு கண்ணைத் துடைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மெயில் வந்தது: உங்கள் நேர்காணல் பதிவு கிடைக்கப்பெற்றோம், நன்றி. பல் விழுந்தால் நாக்கு அந்த இடத்தையே போய்ப் போய்த் தடவுமே, அந்த மாதிரி எனக்குள் ஏதோ ஒன்று ஓரிடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. என்ன இடம் என்று தெரியவில்லை.

நாலாம் நாள் இரண்டு கடிதம் ஒரே தபாலில் வந்தன. ஒன்றில் வேலை எனக்குத்தான் என்றிருந்தது. இன்னொன்று பன்னிரண்டாம் படிவம், இரண்டு முத்திரையோடு, அனுமதிக்கப்பட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பாடா, தையலுவிடம் போய்ச் சொல்லலாம் என்று வாயைத் திறந்து, பவுனு சொன்னதை ஒருமுறை எனக்கே சொல்லிப் பார்த்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. அடிப்பாவி என்று நானே என் தலையில் அடித்துக்கொண்டேன்.

அவள் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். எண் 114. பெண், வயது 29. ஒரு குழந்தை இழப்பு, பெண், வயது 7. உணர்ச்சிவசப்பட்டார், மேல்நடவடிக்கைக்குப் பரிந்துரை. நான் எழுதிய மூன்று வரிதான், இலக்கணப் பிழையே இல்லை. நோட்டுப் பக்கங்கள் அழிக்கப்பட்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது, அழகான கையெழுத்து, என்னுடையது. வெட்கத்தை விட்டு அந்த நரைத்த அம்மாளுக்கு எழுதினேன். உடனே பதில் போட்டாள், நல்ல மனுஷி. அன்றைக்கு மட்டும் ஆறு பேரைப் பார்த்தேன் சேப், வார்த்தைகள் எனக்கு நினைவில்லை, ஆனால் அது மிகவும் உருக்கமாக இருந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்குமேட்டுக்குப் போனேன். கடிதம் வந்துவிட்டது என்பது ஜீப் ஓட்டுகிறவர் வாய்வழியாக முந்திக்கொண்டு போயிருந்தது. தையல்நாயகி தலைக்குக் குளித்து, நல்ல சேலையாக ஒன்று கட்டி, பக்கத்து வீட்டுப் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, நிலைப்படிக்கு உள்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் முத்திரைக் கடிதத்தை எடுத்து நீட்டினேன், அதை வாங்கிப் பார்க்காமலே பாய்க்கு அடியில் வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வேறு பக்கம் போய்விட்டது. ஆண்டறிக்கைக்கு நூற்று நாற்பது உருக்கமான கதை எழுதிக்கொடுத்த கை இது, ஒரு குழந்தை பேச்சை எழுதத் தெரியாதா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, நான் சீக்கிரம் வந்துர்றேன், நீ எனக்காவச் சாப்புடாம இருக்காதன்னு சொன்னா தையலு" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பவள் மாதிரி உதட்டை மெல்ல அசைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"இல்ல டீச்சர். எம் மவ இப்புடிப் பேச மாட்டா."

"உனக்குத்தான் ஞாபகம் இல்லையே தையலு" என்றேன். பாவி, அப்படியும் சொன்னேன் நான்.

"ஞாபகம் இல்லதான். வாயில வச்சா தெரியாதா, நம்ம வூட்டுச் சோறா, ஓட்டல் சோறான்னு?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், வேலை, திரை, மூன்று முகம், அந்த அம்மாள் கேட்டது, நான் சொன்னது, ஐந்து மணிக்கு வந்த மெயில். இருபத்தெட்டு வெள்ளிக்கிழமை என்னிடம் இருந்தது, நான் கொடுக்கவில்லை என்றேன். என்னை மன்னித்துக்கொள் என்று அவள் காலைத் தொடப்போனேன், காலை இழுத்துக்கொண்டாள். சோறு பொங்கி மூடி ஆடியது, எழுந்து போய் இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"வேல கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு."

"கேட்டாளே அந்தம்மா, அவ அழுதாளா?"

"சிரிச்சா. அப்புறம் அழுதா."

தையல்நாயகி தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப நல்லாத்தான் சொல்லிருக்கா எம் மவ" என்றாள். மகளைப் பற்றி யாரோ சொல்லிக் கேட்கிறவளாக இல்லாமல், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பெற்ற தாயாகச் சொன்னாள்.

நான் எழுந்தேன். உக்காருங்க, சாப்புட்டுப் போங்க என்றாள். அவள் கை எப்போதும்போல இரண்டு தட்டு எடுத்தது. சின்னத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள், பிறகு அதை எனக்கு முன்னால் வைத்தாள், சோறு போட்டாள், மத்திமீன் குழம்பு ஊற்றினாள். பசியில்லை என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது, சாப்பிட்டேன். இன்னும் போட்டுக்குங்க, இன்னும் போட்டுக்குங்க என்று போட்டுக்கொண்டே இருந்தாள். கரண்டி பானையின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அவள் அடிச்சோறு வைக்கவில்லை.